தொடாத கோடு

திங்கட்கிழமை காலை அவள் கைப்பையைக்கூட மேசையில் வைக்கவில்லை. அதற்குள் கீழே பட்டறையிலிருந்து ஆள் வந்துவிட்டது. "கோட்டக்கா, மேனேஜர் உடனே கீழ வரச் சொன்னார்."

இரும்புப் பெட்டிகள் செய்யும் அந்தக் கம்பெனியில் பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் பெயர். கம்ப்யூட்டரில் கோடு போடுகிற அக்கா, அதனால் கோட்டக்கா. மீட்டரும் சுவிட்சும் ஒயர்களும் உள்ளே உட்காரும் ஆளுயர மின்சாரப் பெட்டிகளை அங்கே செய்தார்கள். என்ன அளவு, எங்கே துளை, எங்கே மடிப்பு என்று மாடியறையில் உட்கார்ந்து அவள் வரைவாள். அந்தக் காகிதத்தைப் பார்த்துக் கீழே தகடு வெட்டி, மடித்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடிப்பார்கள்.

கீழே போனாள். சுவரோரமாகப் பதினெட்டுக் கதவுகளைச் சாய்த்து வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றிலும் மேலே ஒரு ஜன்னல். அது சரி, மீட்டரைப் பார்ப்பதற்கு. அதற்குக் கீழே இடுப்புயரத்தில் இன்னொரு ஜன்னல். அது இருக்கவே கூடாது. அந்த இடத்தில் கதவின் உள்பக்கமாக ஒரு தகரப் பை வர வேண்டும், ஒயர்ப் படத்தை மடித்துச் செருகி வைக்க. வெளியிலிருந்து பார்த்தால் அங்கே வெறும் தகடுதான் தெரிய வேண்டும். இப்போது பதினெட்டு ஓட்டைகள் வழியாகவும் பின்னால் காரை உதிர்ந்த சுவர் தெரிந்தது.

கட்டிங் மெஷின் பக்கத்தில் அவள் கொழுந்தன் கையுறையைக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தான். கணவனின் தம்பி. எட்டு மாதத்துக்கு முன்னால் அவள்தான் சொல்லி அவனை இங்கே வேலைக்குச் சேர்த்திருந்தாள். கதவுகளை வெட்டியது அவன்தான்.

"பாருங்க," என்றார் மேனேஜர். எது கேட்டாலும் 'பாத்துக்கலாம்' என்று சொல்வதால் பட்டறையில் அவருக்குப் 'பாத்துக்கலாம்' என்றே பெயர். இன்றைக்கு அந்த வார்த்தை அவர் வாயில் வரவில்லை. "ஒண்ணு, நீங்க தப்பா வரைஞ்சிருக்கணும். இல்லன்னா உங்க கொழுந்தனார் தப்பா வெட்டியிருக்கணும். நாலு மணிக்கு முதலாளியம்மா வர்றாங்க. எதுன்னு அதுக்குள்ள சொல்லுங்க."

"அண்ணி, நான் பேப்பர்ல கோடு இருந்த இடத்துலதான் வெட்டினேன்," என்றான் கொழுந்தன். குரல் கம்மியிருந்தது.

அவள் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மீட்டர் ஜன்னல் முழுக் கோட்டில் ஒரு கட்டம். அதன் கீழே பைக்கும் முழுக் கோட்டில் ஒரு கட்டம். இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி.

அவள் தொழிலில் இது அரிச்சுவடி. கண்ணுக்குத் தெரிகிற விளிம்பை முழுக் கோடாகப் போட வேண்டும். தகட்டுக்குப் பின்னால் மறைந்திருப்பதை விட்டு விட்டுப் போட வேண்டும். அதற்கு மறைகோடு என்று பெயர், பட்டறைக்காரர்களுக்குப் புள்ளிக்கோடு. முழுக் கோடென்றால் வெட்டு, புள்ளிக்கோடென்றால் பின்னால் ஏதோ இருக்கிறது, கை வைக்காதே. பதினோரு வருஷத்தில் அவள் இதை மாற்றிப் போட்டதில்லை.

"நான் புள்ளிக்கோடுதான் போட்டேன்," என்றாள்.

"அப்ப இது என்ன?" மேனேஜர் காகிதத்தை விரலால் தட்டினார்.

அவள் படியேறினாள். கம்ப்யூட்டரைத் திறந்து, வியாழக்கிழமை முடித்த ஃபைலை எடுத்தாள். பை இருந்த இடத்தில் அழகாக விட்டு விட்டு ஓடியது கோடு. நல்ல மூச்சு வந்தது. பிரிண்ட் போட்டாள். காகிதத்திலும் அப்படியே வந்தது. ஃபைலை மூடிவிட்டு, மை காய்வதற்குள் எடுத்துக்கொண்டு கீழே ஓடினாள்.

"இதோ, நான் வரைஞ்சது இதுதான்."

மேனேஜர் இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். "இப்ப மேல போய்த் திருத்திட்டு, பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்தா?"

அவளுக்குக் காது சூடானது. "ஃபைல்ல தேதி இருக்கும் சார். வாங்க, காட்டறேன். வியாழக்கிழமை சாயங்காலத்துக்கு அப்புறம் நான் அதைத் தொடவே இல்ல."

அவர் மெதுவாகப் படியேறி வந்தார். அவள் ஃபைலின் விவரத்தைத் திறந்து காட்டினாள். கடைசியாகச் சேமித்தது: இன்று, ஒன்பது நாற்பது.

பிரிண்ட் போட்டுவிட்டு மூடும்போது, சேமிக்கவா என்று அது கேட்டிருக்கும். அவள் விரல் பழக்கதோஷத்தில் ஆமாம் என்று அழுத்தியிருக்கும். எத்தனை வருஷப் பழக்கம்! தன் விரலையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

"ஒன்பது நாற்பது," என்று மேனேஜர் நிதானமாகப் படித்தார். படியிறங்கிப் போய்விட்டார்.

அடுத்த இரண்டு மணி நேரம் அவள் செய்யாதது இல்லை. பழைய பிரதி எங்காவது சேமித்திருக்கிறதா என்று தேடினாள். குப்பைக் கூடையில் கிழித்துப் போட்ட வியாழக்கிழமைப் பிரிண்டைத் தேடினாள். கூடையைச் சனிக்கிழமையே கொட்டியிருந்தார்கள். பிரிண்டரின் உள்ளே பதிவு இருக்குமா என்று அதன் பொத்தான்களை ஒவ்வொன்றாக அமுக்கினாள். அது தன் போக்கில் ஒரு சோதனைப் பக்கத்தை அடித்துத் தள்ளியது. இன்னொரு முறை அமுக்கினாள். இன்னொரு சோதனைப் பக்கம்.

மதியம் சாப்பாட்டு அறையில் கொழுந்தன் அவள் எதிரில் உட்காரவில்லை. வழக்கமாக இரண்டு டப்பாவையும் ஒன்றாகத் திறப்பார்கள். இன்றைக்கு அவன் ஜன்னலோரம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்தான். அவள் எழுந்து அவனிடம் போனாள்.

"தம்பி, உனக்கும் ஒரு சந்தேகம் வரலையா? ஒரு கதவுக்கு எதுக்கு ரெண்டு ஜன்னல்னு தோணலையா?"

"போன மாசம் ஒரு ஆர்டருக்கு ரெண்டு ஜன்னல் வெட்டினோமே, மறந்துட்டீங்களா? அதுவும் நீங்க வரைஞ்சதுதான்." அவன் திரும்பவில்லை. "என்னைச் சேர்த்துவிட்டதும் நீங்க. இப்ப என்னைக் கை காட்டி விடறதும் நீங்கதானா அண்ணி?"

"நான் எங்கடா உன்னைக் கை காட்டினேன்?"

"உங்க கோடு சரின்னா வெட்டினவன் தப்புன்னுதானே அர்த்தம்?"

அவன் சொன்னது கணக்குப்படி சரிதான். தன் இடத்துக்குத் திரும்பி வந்தாள். டப்பாவை மூடிவிட்டு, தப்பாக அடித்த அந்தக் காகிதத்தை இன்னொரு முறை விரித்தாள். இத்தனை நேரம் அந்தக் கட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தவள், இப்போதுதான் காகிதத்தின் ஓரத்தைப் பார்த்தாள்.

வலது மூலையில் கம்பெனியின் புது லோகோ, உள்ளங்கை அகலத்துக்கு. படத்தைச் சுற்றி வரும் சட்டமான அந்தப் பார்டரை அவள் போடவில்லை. வியாழக்கிழமை அவள் கொடுத்ததில் பழைய பார்டர் இருந்தது. அதோடு அந்த மூலையில் உதிரிகளின் பட்டியலும் இருந்தது. நான்காவது வரியில், 'பை, கதவின் உள்பக்கம்' என்று எழுதியிருந்தாள். லோகோ உட்கார வந்ததும் அந்த வரிக்கு இடம் இல்லாமல் போயிருந்தது.

நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், இந்தப் பார்டரை யார் போட்டது?"

"நான்தான். சனிக்கிழமை. முதலாளியம்மா புது லோகோவோட அனுப்பச் சொன்னாங்க, நீங்க லீவு. உங்க படத்தை அப்படியே எடுத்துப் புது பார்டர்ல வெச்சு அனுப்பினேன். ஏன்?"

"அதுலதான் சார் ஏதோ ஆகியிருக்கு."

"என்னம்மா ஆகும்? லோகோ வெச்சேன், ரெண்டு வரி எழுத்தை எடுத்தேன். கோட்டைத் தொடவே இல்ல."

"அந்த ஃபைலைத் திறந்து காட்டுங்க சார்."

"எனக்கு வெளியில வேலை இருக்கு. மூணரைக்கு வந்துடுவேன். பாத்துக்கலாம்." அறையைப் பூட்டிவிட்டு, சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே போனார்.

மூன்றரை ஆனது. அவர் வரவில்லை. போன் செய்தாள், மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி செய்தாள், அவரே துண்டித்தார். பூட்டிய கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, இந்தக் கதவையும் யாராவது வெட்டி ஓட்டை போட்டால் தேவலை என்று நினைத்தாள். அப்போதுதான் பொறி தட்டியது. அவர் ஃபைலைக் கீழே அனுப்பியிருக்கிறார். அப்படியானால் கட்டிங் மெஷின் பக்கத்துக் கம்ப்யூட்டரில் அது இருக்க வேண்டும்.

பட்டறைக் கம்ப்யூட்டர் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் இருந்தது. விசைப்பலகைக்குப் பாலிதீன் போர்த்தியிருந்தார்கள். அதன் மேல் கரித்தூள் மெல்லிசாகப் படிந்திருந்தது. கொழுந்தன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே ஃபைலைத் திறந்தான்.

"பாருங்க. முழுக் கோடு. நான் பொய்யா சொன்னேன்?"

"நீ பொய் சொல்லலடா. கொஞ்சம் தள்ளு."

அவள் அந்தக் கோட்டைப் பெரிதாக்கினாள். முழுக் கோடு. இன்னும் பெரிதாக்கினாள். முழுக் கோடுதான். கதவு திரையை விட்டு வெளியே போனது, ஜன்னல் போனது, மூலை போனது, திரையில் அந்த ஒரே கோடு மட்டும் இடமிருந்து வலம் நின்றது. அவள் விடவில்லை, உருட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று கோடு உடைந்தது. துண்டு, இடைவெளி, துண்டு, இடைவெளி.

கொழுந்தன் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்தான். "இதென்ன அண்ணி, எறும்பு போற மாதிரி?"

"இதுதான் நான் போட்ட புள்ளிக்கோடு. பொடிப்பொடியா நசுங்கிப் போயிருக்கு." துண்டுகள் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்று சொல்கிற எண் ஒன்று ஒவ்வொரு ஃபைலிலும் இருக்கும். அதைத் தட்டிப் பார்த்தாள். அவளுடைய ஃபைலில் எப்போதும் நூறு வைத்திருப்பாள். இதில் ஒன்று என்று இருந்தது. புது பார்டரைச் செய்தவர் யாரோ அப்படியே விட்டிருக்கிறார். படத்தைத் தூக்கி அதில் வைத்ததும் எல்லாப் புள்ளிக்கோடுகளும் அந்த ஒன்றுக்குக் கட்டுப்பட்டுவிட்டன. நூறில் ஒரு பங்கு நீளம். முடியை விடச் சிறிய துண்டுகள், முடியை விடச் சிறிய இடைவெளிகள். பிரிண்டருக்கு அது ஒரே கோடு. மனிதக் கண்ணுக்கும் ஒரே கோடு.

"அப்ப நீங்களும் சரி, நானும் சரியா?"

"ஆமாண்டா."

"அதுக்காக நான் மைக்ராஸ்கோப் வெச்சுப் பார்த்தா கதவு வெட்ட முடியும்?" என்றான். ஆனால் காலையிலிருந்து முதல் தடவையாக அவன் தோள் தளர்ந்திருந்தது.

நாலு மணிக்கு முதலாளியம்மா வந்தார். கதவுகளைப் பார்த்தார், ஒரு ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். மேனேஜரும் எங்கிருந்தோ வந்து சேர்ந்துவிட்டார். அவள் எல்லாரையும் கண்ணாடிக் கூண்டுக்கு அழைத்துப் போய், கோடு உடைகிற வரைக்கும் பெரிதாக்கிக் காட்டினாள். நூறையும் ஒன்றையும் காட்டினாள். சொல்லும்போதே குரல் அவசரப்பட்டது, நடுவில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி இன்னொன்றில் முடித்தாள்.

"எனக்கு இந்த நூறு, ஒண்ணெல்லாம் புரியாது," என்றார் முதலாளியம்மா. கோபமில்லை, களைப்புதான். "ஒரு கோடு சில நேரம் வெட்டற கோடு மாதிரி தெரியும், சில நேரம் வெட்டாத கோடு மாதிரி தெரியும்னா, அப்படி ஒரு கோடு எதுக்கு?"

"சாஃப்ட்வேர்ல ஏதோ கோளாறும்மா," என்றார் மேனேஜர். "யாரும் வேணும்னு செய்யல. நான் கோட்டைத் தொடவே இல்ல."

"சார், நீங்க தொடலதான். பார்டர் மாத்தினதால..."

"விடுங்க," என்றார் முதலாளியம்மா. "இனிமே டிராயிங்ல புள்ளிக்கோடே வேண்டாம். யாரும் போடக் கூடாது. முடிஞ்சுது."

அவள் திகைத்துப்போய் நின்றாள். "அம்மா, அப்ப உள்பக்கம் இருக்கறதை எப்படிக் காட்டறது?"

"பின்னால இருந்து பார்க்கற மாதிரி தனியா ஒரு படம் போடுங்களேன். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான் இல்லை. ஏன் இல்லை என்று சொல்ல அவளுக்கு அரை மணி நேரம் வேண்டும். முதலாளியம்மா அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

சாயங்காலம் இரண்டு மெமோ வந்தது. ஒன்று அவளுக்கு: 'இறுதி வரைபடத்தைச் சரிபார்க்கத் தவறியது.' தான் பார்க்கவே பார்க்காத ஒன்றை எப்படிச் சரிபார்ப்பது என்று அதில் எழுதவில்லை. இன்னொன்று கொழுந்தனுக்கு: 'மேலதிகாரியைக் கேட்காமல் வெட்டியது.' இரண்டிலும் மேனேஜர் கையெழுத்து, சுழித்துச் சுழித்து. மேனேஜருக்கு மெமோ கொடுக்க அங்கே ஆள் இல்லை.

வீட்டில் ஒரே வாசல், இரண்டு குடித்தனம். பின்பகுதியில் கொழுந்தன் குடும்பம். அவள் போனபோது மழை தூறிக்கொண்டிருந்தது. கொடியில் அவர்கள் துணியை மட்டும் ஓரகத்தி எடுத்துக்கொண்டு போயிருந்தாள். அவளுடையது நனைந்துகொண்டிருந்தது. இத்தனை வருஷத்தில் அப்படி நடந்ததே இல்லை.

கணவன் குழாய் வேலை செய்கிறவன். கை கால் கழுவிக்கொண்டு சாவகாசமாக உட்கார்ந்திருந்தான். அவள் ஈரத் துணியை நாற்காலிகளின் மேல் விரித்துக்கொண்டே நடந்ததைச் சொன்னாள்.

"ரெண்டு பேருக்கும் வேலை போகலல்ல? அப்புறம் என்ன? விடு."

"என்ன விடு? புள்ளிக்கோடே போடக் கூடாதாம். சுவத்துக்குள்ள குழாய் எங்க போகுதுன்னு தெரியாம நீ சுவத்துல துளை போடுவியா?"

"தட்டிப் பார்ப்பேன்."

"பேப்பரைத் தட்டிப் பார்க்க முடியுமா?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான். "பேப்பரைத் தட்ட முடியாதுதான்," என்றான். அந்த ஒப்புதலும் எரிச்சலைத்தான் கிளப்பியது. ஈரத் துண்டை அவன் மடியில் வீசிவிட்டு அடுக்களைக்குள் போனாள்.

அதற்கப்புறம் ஐந்து வாரம் புள்ளிக்கோடில்லாமல் ஓடியது. ஒரு காகிதத்தில் முடிகிற கதவுக்கு மூன்று காகிதம் ஆனது. முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று, குறுக்கே வெட்டிக் காட்டுவது ஒன்று. கீழே ஆட்கள் எண்ணெய்க் கையோடு தாளைப் புரட்டிப் புரட்டித் தேடினார்கள். நடுத்தாள் தொலைந்து போனது, மறுபடி பிரிண்ட் போட்டாள். பின்னாலிருந்து பார்க்கிற படத்தில் இன்னொரு வில்லங்கம், வலது இடதாகும், இடது வலதாகும். ஒவ்வொரு தாளிலும் 'இது பின்புறத் தோற்றம்' என்று கொட்டை எழுத்தில் போட்டாள். யாரும் படிக்கவில்லை. எழுத்தைப் படிக்கவா அவர்கள் படம் பார்க்கிறார்கள்? மேனேஜரிடம் நான்கு முறை போய்ச் சொன்னாள். நான்கு முறையும் பாத்துக்கலாம்.

கொழுந்தன் மட்டும் தெளிவாக இருந்தான். கேட்காமல் வெட்டியதற்குத்தானே மெமோ? அவன் எல்லாவற்றையும் கேட்கத் தொடங்கினான். அதுவும் எழுத்தில். ஒரு நோட்டு வாங்கி, கோடு போட்டு, இந்தப் பக்கம் கேள்வி, அந்தப் பக்கம் பதில், கீழே கையெழுத்து. 'மேல் விளிம்பில் உள்ள துளை வெட்ட வேண்டுமா?' 'இந்த மூலை வளைவா, கூரா?' ஒரு நாளைக்குப் பன்னிரண்டு தடவை நோட்டு மேனேஜர் அறைக்குப் போனது. முதலில் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர், பிறகு போனில் பேசிக்கொண்டே போட்டார்.

ஆறாவது வாரம் ஒன்பது பெட்டிகளுக்கு ஒரு ஆர்டர் வந்தது. கதவின் உள்பக்கம், கீல் இருக்கும் ஓரமாக ஒரு செம்புப் பட்டை வர வேண்டும். அதைத் தாங்க, கதவுக்குப் பின்னால் வரும் உள்தகட்டில் நான்கு துளை. புள்ளிக்கோடு இருந்திருந்தால் முன்பக்கப் படத்திலேயே வலது ஓரத்தில் விட்டு விட்டு ஓடியிருக்கும், ஒரு பார்வை போதும். இப்போது பின்பக்கப் படத்தில் அது இடது ஓரத்தில் நின்றது. கொழுந்தன் நோட்டில் எழுதினான்: 'முன்னாலிருந்து பார்த்தால் துளைகள் வலது பக்கமா, இடது பக்கமா?' மேனேஜர் இரண்டாவது தாளை ஒரு பார்வை பார்த்தார். 'இடது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

ஒன்பது கதவுகளையும் மாட்டிய பிறகுதான் தெரிந்தது. செம்புப் பட்டை பூட்டின் மேல் வந்து உட்கார்ந்தது. ஒரு கதவும் சாத்தவில்லை.

செய்தி கேட்டு அவள் இறங்கிப் போனாள். ஒரு கதவைச் சாத்திப் பார்த்தாள், நங்கென்று இடித்துத் திரும்பி வந்தது. பழி தன் மேல் இல்லை என்று தெரிந்தும் அவளுக்குத் துளி சந்தோஷம் இல்லை. இந்தக் கதவுகளை அவள் மூன்று நாள் உட்கார்ந்து வரைந்திருந்தாள்.

"உனக்குத் தெரியும்தானே?" என்று கொழுந்தனைப் பிடித்தாள். "பட்டை கீல் பக்கம்தான் வரும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்னு சொல்ல மாட்டேன் அண்ணி. சந்தேகம். சந்தேகம்னா கேக்கணும்னு சொன்னாங்க. கேட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாமே! இருபது படிதானே?"

"மெமோல மேலதிகாரியைன்னு இருக்கு. நீங்க மேலதிகாரி இல்லையே." சொல்லிவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "கோபத்துலதான் செஞ்சேன். செஞ்சிருக்கக் கூடாது."

அன்றைக்கு முதலாளியம்மா வந்தபோது அவன் நோட்டைத்தான் முதலில் நீட்டினான். 'இடது', கையெழுத்து, தேதி. முதலாளியம்மா படித்தார், மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். "படம் குழப்பமா இருக்கும்மா," என்றார். "மூணு தாள். யாரா இருந்தாலும் குழம்பும்."

"வாங்க," என்று முதலாளியம்மா அவளைக் கூப்பிட்டுக்கொண்டு மாடியேறினார். முதல் முறையாக அவள் மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "இந்தக் கதவைக் குழப்பமில்லாம ஒரே தாள்ல காட்ட முடியுமா, முடியாதா?"

அவள் முன்பக்கப் படத்தை எடுத்தாள். திரையில் தெரியாமல் அணைத்து வைத்திருந்த மறைகோடுகளை மட்டும் மறுபடி தெரியவிட்டாள். ஒரு நொடியில் வந்து நின்றன: வலது ஓரத்தில் பட்டை, நான்கு துளை, இடது பக்கம் பூட்டின் உடம்பு, எல்லாம் விட்டு விட்டு, தகட்டுக்குப் பின்னால்.

முதலாளியம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "ஒரே பார்வையில தெரியுதே! இதை ஏன் நீங்க முதல்லயே போடல?"

ஆறு வாரமாக முழுங்கிய எல்லாமும் ஒரே மூச்சில் மேலே வந்தது. ஆனால் வெளியே வந்தபோது குரல் அவளே எதிர்பாராத அளவுக்கு அமைதியாக இருந்தது.

"போட்டேம்மா. நீங்கதான் வேண்டாம்னு சொன்னீங்க."

"நானா?"

"கண்ணாடி ரூம்ல நின்னுக்கிட்டு. இனிமே யாரும் புள்ளிக்கோடே போடக் கூடாதுன்னீங்க. இதை அன்னைக்கே சொல்ல எனக்கு அரை மணி நேரம் வேணும்னு நினைச்சேன். இப்ப எவ்வளவு நேரம் ஆச்சு? ஒரு நிமிஷம்கூட ஆகல. நீங்க உட்கார்ந்து பார்க்கல, அவ்வளவுதான்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது உறைத்தது. முதலாளியம்மா கண்ணாடியை நெற்றியிலிருந்து கண்ணுக்கு இறக்கினார். "சொல்லியிருப்பேன்," என்றார். "அன்னைக்கு எனக்குத் தலைவலி."

அவ்வளவுதான் கிடைத்தது. வருத்தம் என்ற வார்த்தை வரவில்லை. ஆனால் புள்ளிக்கோடு வந்தது. இனிமேல் பட்டறைக்குப் போகிற காகிதம் அவள் கையிலிருந்துதான் போக வேண்டும், நடுவில் யாரும் எதையும் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது என்றும் சொன்னார். எழுந்து வாசல் வரை போனவரை அவள் நிறுத்தினாள்.

"அம்மா, அந்த ரெண்டு மெமோ."

"எடுத்துடச் சொல்றேன்."

மேனேஜரிடம் சொல்லியும்விட்டார். ஆனால் மேனேஜருக்கு அலமாரிச் சாவி கிடைக்கவில்லை. மறுநாள் கேட்டாள், பாத்துக்கலாம். அதற்கு மறுநாள் சாவி கிடைத்தது, ஃபைல் கிடைக்கவில்லை. ஒரு வாரம் போனது. பாத்துக்கலாம். ஒன்பதாவது நாள் அவர் எதிரில் இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அவர் போன் பேசினார், உட்கார்ந்திருந்தாள். அவர் கடிதம் எழுதினார், உட்கார்ந்திருந்தாள். கையைக்கூட அசைக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்து அவர் பெருமூச்சு விட்டு, மேசையின் மேல் இழுப்பறையைத் திறந்து இரண்டு காகிதத்தையும் எடுத்து வைத்தார். அலமாரியில் அல்ல, ஃபைலில் அல்ல, கைக்கெட்டுகிற முதல் இழுப்பறையில்.

"நான் கோட்டைத் தொடவே இல்லம்மா," என்றார். இன்னமும் அதை நம்பினார். அதுதான் அவளால் தாங்க முடியவில்லை, அவர் சொன்னது பொய்யும் இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் கீழே போய்க் கொழுந்தனிடம் அவனுடையதை நீட்டினாள். அவன் கையுறையைக் கழற்றி வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் நான்காகக் கிழித்தான். அவள் தன்னுடையதைக் கிழிக்கவில்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். ஏன் என்று அவன் கேட்டதற்கு, "இன்னும் கோபம் போகலடா, போனதும் கிழிக்கறேன்," என்றாள்.

"அது வரைக்கும் சாப்பிடாம இருப்பீங்களா?" என்று டப்பாவைத் திறந்தான் அவன்.